வீட்டுக் கம்பியில் என்ன ஓடுகிறது? என் சொந்த நெட்வொர்க் வேலைகள், உங்களுடையதையும் சொல்லுங்கள்

#1 நாகமலை_ரவுட்டர்

வணக்கம். பயர்வால் (நெட்வொர்க்கின் காவல் வாசல்) பார்ப்பது என் பிழைப்பு. பகலில் கம்பெனி நெட்வொர்க், ராத்திரியில் வீட்டு நெட்வொர்க். தொழிலில் எனக்குத் தெளிவாகத் தெரிந்ததில் பாதிக்கு மேல் கற்றுக்கொடுத்தது, நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுப் பரணுக்குக் கீழே நிற்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்தான். அதைப் பற்றி எழுத ரொம்ப நாளாக ஆசை.

தொடங்கியது மாமாவின் பாத்திரக் கடையில். மாசி வீதிப் பக்கம் கடை. எட்டு கேமரா, அவற்றைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர் பெட்டி. "ராத்திரி கணக்கு ஏத்துறப்ப நெட்டு இழுக்குது மாப்ள, என்னன்னு பாரு" என்றார். வேகச் சோதனையெல்லாம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், ஓடும் போக்குவரத்தின் நகலை இன்னொரு துளைக்கும் அனுப்பும் (போர்ட் மிரரிங்) வசதி உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச்சை நடுவில் செருகி, லேப்டாப்பில் நெட்வொர்க்கில் ஓடும் தரவுப் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தேன். திரை ஓடிக்கொண்டே இருந்தது. முன்பின் தெரியாத முகவரிகளின் 23, 2323 போர்ட்களை டிவிஆர் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல். 23 என்றால் டெல்நெட், தொலைவிலிருந்து உள்ளே நுழையும் பழைய வழி. கேமராப் பெட்டிக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

2016-இல் வந்த மிராய் என்ற கிருமி நிரல் செய்ததும் இதே வேலைதான். ஆலையில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமரா, டிவிஆர், ரவுட்டர்களைத் தேடிப் பிடிக்கும். அதன் மூலநிரல் வெளியானபோது உள்ளே 60-க்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் இருந்தன. அந்தப் பட்டியலை வைத்தே உலகம் முழுக்கப் பெட்டிகளைப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) நிறுவனத்தைப் போலிப் போக்குவரத்தால் மூழ்கடித்தபோது, ட்விட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை.

மாமா கடையில் கேமரா மாட்டியவர், போனில் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ரவுட்டரில் டிவிஆரை வெளியே திறந்துவிட்டுப் போயிருந்தார். பாஸ்வேர்ட், பெட்டி வந்தபோது இருந்ததேதான். மிராய் வகைக் கிருமி நினைவகத்தில் மட்டும் தங்கும். பவரை நிறுத்தினால் போய்விடும். ஆனால் வாசல் திறந்திருந்தால் சில நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். அதனால் முதலில் அந்தத் திறப்பை (போர்ட் ஃபார்வர்டிங்) எடுத்தேன், கருவிகள் தாமாக வாசல் திறக்க விடும் யூபிஎன்பி-யை அணைத்தேன். அப்புறம்தான் டிவிஆரை நிறுத்திப் போட்டு, ஃபர்ம்வேர் ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றினேன். அன்று ராத்திரி கணக்கு தடங்கலில்லாமல் ஏறியது.

அன்றைக்கு மனதில் பதிந்தது ஒன்று. எந்தக் கருவியை வாங்கினாலும், நம் கம்பியில் என்ன ஓடுகிறது என்று நம் கண்ணால் பார்க்காதவரை நமக்கு நம் வீட்டைப் பற்றித் தெரியாது. அதிலிருந்து வீட்டில் ஒவ்வொன்றாகக் கட்டினேன். பழைய ரவுட்டர் ஒன்றில் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளை ஏற்றி, வீட்டு நெட்வொர்க்கை வி-லேன் என்னும் நான்கு தனிப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறேன்: வீட்டு ஆட்களுக்கு ஒன்று, விருந்தாளிக்கும் ஆபீஸ் லேப்டாப்புக்கும் ஒன்று, டிவி, ஸ்மார்ட் பல்புகளுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. ராஸ்ப்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில், விளம்பரத் தளங்களின் பெயர்களை வடிகட்டும் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் சர்வர் ஓடுகிறது. உசிலம்பட்டியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு வயர்கார்டு என்ற மறைகுறியாக்கிய சுரங்கம் (விபிஎன்). வெளியே வாடகைச் சர்வரில் ஒரு ஹனிபாட், அதாவது தாக்க வருபவர்களை ஈர்த்துக் கவனிக்கும் பொறி.

கேமரா வி-லேனுக்கு இணையமே கிடையாது. அப்படி வெட்டியதும் புதுச் சிக்கல் வந்தது: கேமராக்களின் கடிகாரம் நாளாக நாளாகத் தள்ளிப்போனது. நேரம் தவறிய பதிவை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் உதவாது. ரவுட்டரையே நேரம் சொல்லும் என்டிபி சர்வராக்கி, 123 போர்ட்டை மட்டும் கேமராக்களுக்குத் திறந்துவிட்டேன். இப்போது எல்லாம் ஒரே நேரம் காட்டுகின்றன.

உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது?

#2 ஒத்தக்கடை_மாணவன்

அண்ணே, இரண்டாம் வருடம் படிக்கிறேன். படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. என்னிடம் ஒரு பழைய லேப்டாப்பும் வீட்டு ஃபைபர் இணைப்பும் மட்டும்தான். ராஸ்ப்பெர்ரி பை வாங்க இப்போதைக்குக் காசு இல்லை. எதில் தொடங்குவது?

#3 வைகைத்தென்கரை

நல்ல பதிவு. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பதினைந்து வருடமாக சர்வர் பார்க்கிறேன். வீட்டில் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. காரணம், நான் வெளியூரில் இருக்கும்போது ராத்திரி பதினொரு மணிக்குப் பை செத்துப்போனால், வீட்டில் யாருக்கும் நெட் கிடையாது. மகளுக்கு மறுநாள் பரீட்சை, ஆன்லைனில் நோட்ஸ். மனைவி எனக்குப் போன் போடுவார், நான் சென்னையில் ரயிலில் இருப்பேன். கம்பெனியில் என்றால் ஷிப்டுக்கு ஆள் உண்டு. வீட்டில் நம்மை விட்டால் ஆள் இல்லை. வீட்டு ஆட்களின் நிம்மதியை வைத்துச் சோதனை செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று: பை-ஹோலில் டிஎன்எஸ்-ஐ வடிகட்டுகிறோம் என்று நினைக்கிறோம். டிவி நேராக 8.8.8.8-இடம் (கூகுளின் டிஎன்எஸ்) கேட்டுக்கொண்டு போகும். அதற்கு என்ன செய்கிறீர்கள்?

#4 நாகமலை_ரவுட்டர்

தென்கரை அண்ணே, நீங்கள் சொன்னது எனக்கு நடந்தே விட்டது. மாதாந்திர மின்தடை அன்று, காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம் வந்தபோது பையின் எஸ்டி கார்டு போய்விட்டிருந்தது. நான் ஆபீசில். வீட்டில் நெட் இருந்தும் ஒரு தளமும் திறக்கவில்லை. அம்மா அன்று உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தார். பேரனோடு வீடியோ காலில் பேசக் காத்திருந்தவர் பேச முடியாமலே படுத்துவிட்டார். அது என்னை உறுத்தியது.

அப்புறம் மூன்று காரியம் செய்தேன். ஒன்று, எஸ்டி கார்டை விட்டுவிட்டு சின்ன எஸ்எஸ்டி-க்கு மாறினேன், லாக் எழுதுவதையும் குறைத்தேன். இரண்டு, இரண்டாவது பை-ஹோல். நிறையப் பேர் முதல் டிஎன்எஸ் பை-ஹோல், இரண்டாவது 8.8.8.8 என்று வைத்து, முதலாவது செத்தால் இரண்டாவது பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். போனும் கணினியும் எப்போதும் அப்படி வரிசை பார்ப்பதில்லை, பல கருவிகள் இரண்டில் எதையும் கேட்கும். வடிகட்டல் பாதி ஓட்டையாகிவிடும். இரண்டுமே பை-ஹோலாக இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். ரேக்கின் பக்கத்தில் ஒரு தாளில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: நெட் வரவில்லையென்றால் சிவப்பு நாடா சுற்றிய கம்பியைப் பிடுங்கி, பச்சை நாடா சுற்றிய கம்பியை அதே துளையில் செருகவும். அதைச் செய்தால் கேபிள்காரர் கொடுத்த ரவுட்டர் நேராக வேலை செய்யும், என் வேலை எல்லாம் ஒதுங்கிவிடும். மனைவி ஒருமுறை செய்து பார்த்துவிட்டார், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் தாள் இல்லாமல் வீட்டில் எதையும் கட்டக்கூடாது என்பது இப்போது என் கொள்கை.

டிவி விஷயத்துக்கு: டிஎன்எஸ் ஓடும் 53-ஆம் போர்ட்டுக்கு வெளியே போகும் எல்லாவற்றையும் ரவுட்டரில் பிடித்துப் பை-ஹோலுக்கே திருப்பிவிடுகிறேன். டிவி 8.8.8.8 பதில் சொன்னதாக நினைத்துக்கொள்ளும். மறைகுறியாக்கிய டிஎன்எஸ்-ஆன டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் 853-இல் வரும், அதை மூடலாம். டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் (டிஓஎச்) வேறு கதை. 2018-இல் அது தரமாக வந்ததிலிருந்து கேள்வி 443-இல், சாதாரண இணையப் போக்குவரத்தோடு கலந்து போகிறது. போர்ட்டை வைத்துப் பிரிக்க வழியில்லை. ஃபயர்பாக்ஸ் மட்டும் ஒரு குறிப்பிட்ட பெயரைக் கேட்டுப் பார்க்கும். "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் வந்தால் டிஓஎச்-ஐத் தானாக இயக்காது. பை-ஹோல் அந்தப் பதிலைக் கொடுத்துவிடும். மற்றவற்றுக்கு, தெரிந்த டிஓஎச் சர்வர்களின் முகவரிப் பட்டியலை வைத்து டிவி வி-லேனில் மட்டும் தடுக்கிறேன். முழுமையான வழி இல்லை. ஆனால் யார் நேராகக் கேட்கப் பார்க்கிறார்கள் என்பது லாக்கில் விழுகிறது. எனக்கு அதுவே வேண்டும்.

#5 யானைமலை_அடிவாரம்

எலக்ட்ரிக்கல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. வீட்டு லேப் என்றதும் பழைய சர்வரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 60 நாள், 24 மணி நேரம். 4 வாட் பை ஓடினால் 6 யூனிட்டுக்குள். 10 வாட் எடுக்கும் தின் கிளையண்ட் என்ற சின்ன ஆபீஸ் கணினி, 14 யூனிட். 70 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப்பை நிறுத்தாமல் ஓட்டினால் 100 யூனிட்டைத் தாண்டும். அதாவது வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் முழுவதும் அந்த ஒரு பெட்டிக்கே போய்விடும். பழைய ரேக் சர்வர் 150 வாட் என்றால் 216 யூனிட், ஸ்லாபே மாறிவிடும். ஆபீஸ்களில் கழித்துப் போடும் தின் கிளையண்ட் கிடைத்தால் அதுவே போதும்.

இன்வெர்ட்டர் இருக்கிறவர்கள் பின்னால் உள்ள சுவிட்ச்சைப் பாருங்கள். யூபிஎஸ் மோடில் இல்லையென்றால் கரண்ட் போகும்போது மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் ரவுட்டர் அணைந்து எழும். ஃபேனுக்குத் தெரியாது, பைக்குத் தெரியும். ஓஎன்டி-க்கும் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று தனியாகப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பரணுக்குக் கீழே என்றீர்கள். மேலே மொட்டை மாடித் தளமா? சித்திரை வெயிலில் அங்கே எவ்வளவு சூடு என்று அளந்தீர்களா? பை 80 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

#6 நாகமலை_ரவுட்டர்

கீழ்வீடு, மேலே மாடி உண்டு. ஆனாலும் போன கோடையில் 78 வரை போனது. ஹீட் சிங்க் ஒட்டி, ரேக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும் 60-களுக்கு இறங்கியது. ஃபேன் போட்டுப் பார்த்தேன், தூசியை உள்ளே இழுத்தது, எடுத்துவிட்டேன்.

#7 பழைய_லைன்மேன்

தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சோழவந்தான் பக்கம். நீங்கள் பேசுகிற மென்பொருள் எல்லாம் எனக்குத் தெரியாது. கம்பி தெரியும். அதைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

ஐப்பசி இடியில் எக்ஸ்சேஞ்ச் பக்கம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. அரை மைல் தள்ளி விழுந்தாலே நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் ஏறிவிடும். அன்று தொலைபேசி லைன், இன்று மொட்டை மாடிக் கேமராவுக்கு இழுத்த ஈதர்நெட் கேபிள். இரண்டும் ஒன்றுதான்.

எர்த் குழியை எத்தனை பேர் கவனிக்கிறீர்கள்? கரியும் உப்பும் போட்டுக் குழி வெட்டினால் மட்டும் போதாது, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த எர்த் இருந்தும் பயனில்லை. சர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டுகிறார்கள், அது அடியைத் தள்ளிவிடுவதற்கு எர்த் வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் அது அலங்காரப் பொருள்தான்.

ஃபைபரில் இடி வராது என்று சொல்வார்கள். கண்ணாடியில் வராது, உண்மை. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் டிராப் கேபிளில் தாங்குவதற்கு ஒரு எஃகுக் கம்பி கூடவே ஓடும். அதைச் சுவருக்கு வெளியே கொக்கியோடு வெட்டி நிறுத்த வேண்டும். சில பையன்கள் அவசரத்தில் அதையும் சேர்த்து உள்ளே இழுத்து ஓஎன்டி பக்கத்தில் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் போய்ப் பாருங்கள் தம்பி.

#8 நாகமலை_ரவுட்டர்

ஐயா, படித்த உடனே எழுந்து போய்ப் பார்த்தேன். எஃகுக் கம்பி உள்ளேதான் இருந்தது, ஓஎன்டிக்கு ஒரு முழம் தூரத்தில். நாளைக்கே கேபிள்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்கிறேன்.

போன வருடம் மாடிக் கேமராவால் ஸ்விட்ச்சில் மூன்று போர்ட் கருகியது. அப்புறம் மாடிக்கும் கீழுக்கும் நடுவில் ஈதர்நெட்டை ஃபைபருக்கு மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு வைத்து, பத்து மீட்டர் ஃபைபர் போட்டேன். மாடியில் இருப்பது மாடியோடு போகும், கீழே வராது. டவுன்ஹால் ரோட்டில் தேடி வாங்கினேன். உங்கள் அனுபவத்தை இன்னும் எழுதுங்கள் ஐயா, இதெல்லாம் எங்கள் சான்றிதழ்ப் பாடத்தில் வருவதில்லை.

#9 கீழமாசி_கடைக்காரர்

நானும் கடை வைத்திருப்பவன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. பதிவைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. என் கடை டிவிஆரையும் போனில்தான் பார்க்கிறேன். வெளியே திறக்கக்கூடாது என்கிறீர்கள். அப்புறம் வீட்டிலிருந்து கடையை எப்படிப் பார்ப்பது? ராத்திரி ஒருமுறை ஷட்டரைப் பார்த்துவிட்டுப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

#10 நாகமலை_ரவுட்டர்

அண்ணாச்சி, பார்க்கலாம். வாசலைத் திறந்து வைப்பதற்குப் பதில், உங்கள் போனுக்கு மட்டும் சாவி உள்ள ஒரு தனிச் சந்து போட்டுக்கொள்ள வேண்டும். வயர்கார்டு அதற்குத்தான். மாமா கடையில் அதைத்தான் வைத்தேன்.

இது எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 2020-இல் லினக்ஸ் 5.6 கெர்னலோடேயே சேர்ந்து வந்தது. சேர்ந்தபோது அதன் நிரல் சுமார் 4,000 வரிதான். ஒரு மனிதர் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிடலாம். இன்னொன்று, சரியான சாவி இல்லாத பொட்டலம் வந்தால் அது பதிலே சொல்லாது. "இங்கே யாரும் இல்லை" என்றுகூடச் சொல்லாது. வெளியே இருந்து தட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. உங்கள் போனில் சாவி, கடை ரவுட்டரில் சாவி, அவ்வளவுதான்.

ஒரு இடைஞ்சல் உண்டு. கடை ரவுட்டரின் வான் (WAN, வெளி இணையப் பக்கம்) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்களுக்குத் தனிப் பொதுமுகவரி இல்லை, பல வீட்டுக்குச் சேர்த்து ஒன்றுதான். சிஜிநாட் என்பார்கள். 2012-இல் இதற்கென்றே அந்த முகவரித் தொகுதியை ஒதுக்கினார்கள். அந்த நிலையில் வெளியிலிருந்து கடைக்கு நேராக வர முடியாது. ஐபிவி6 என்ற புதுவகை முகவரி இருந்தால் அதன் வழியாக வரலாம். இல்லையென்றால் ஒரு சின்ன வாடகைச் சர்வரை நடுவில் வைத்து, கடையும் போனும் அதனிடம் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். 25 நொடிக்கு ஒருமுறை கடைப்பக்கம் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பிக்கொண்டிருந்தால் சந்து மூடாது.

தொழில் செய்பவர்களுக்காக ஒரு குறிப்பு. உசிலம்பட்டிச் சுரங்கம் போட்ட முதல் வாரம் பைத்தியம் பிடித்தது. பிங் (சின்னச் சோதனைப் பொட்டலம்) போகிறது, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை தரும் வழி) போகிறது, இணையப் பக்கம் பாதியில் நிற்கிறது. மூன்று ராத்திரி பயர்வால் விதிகளையே நோண்டினேன். கடைசியில் வயர்ஷார்க்கில் பார்த்தால் பெரிய பொட்டலங்கள் மட்டும் காணாமல் போகின்றன. வயர்கார்டு இயல்பாக எம்டியூ (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1420 பைட் வைக்கும். 1500-இல் தன் தலைப்புக்கு 80 கழித்த கணக்கு அது. ஆனால் உசிலம்பட்டி இணைப்பு பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறையில் ஓடுவது. அது 8 பைட்டைத் தின்றுவிடும், கம்பியில் 1492தான். 1412 என்று வைத்த நொடியில் எல்லாம் ஓடியது. மூன்று ராத்திரியும் விதிகளை ஊகித்ததற்குப் பதில் முதல் ராத்திரியே பொட்டலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி, கடைக்கு ஒரு நாள் வந்து செய்து தருகிறேன். ஞாயிறு மத்தியானம் சௌகரியமா?

#11 கீழமாசி_கடைக்காரர்

வாங்க தம்பி. சாப்பாடு நம்ம வீட்டில்.

#12 சிம்மக்கல்_நிரலி

நான் நெட்வொர்க் ஆள் இல்லை, நிரல் எழுதுபவள். ஆனால் என் சொந்த வேலை ஒன்று இங்கே பொருந்தும் என்று படுகிறது. தமிழில் வரும் மோசடிக் குறுஞ்செய்திகளைப் பிடிக்க ஒரு வடிகட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். "மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்" என்று வருமே, என் பெரியம்மா அதை நம்பிப் பணத்தை இழந்தார். பத்து இலக்கத் தனி எண்ணிலிருந்து வந்த செய்தி. அவருக்கு அது தெரியாது. தமிழில் இருந்ததால் நம்பினார். தமிழில் இருப்பது ஆபீஸ் செய்தி என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

சொல்லைத் தேடுவது சுலபம் என்று நினைத்தேன். தமிழ் எழுத்து என்னை ஒரு மாதம் உட்கார வைத்துவிட்டது. "ஸ்ரீ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஸ-வில் தொடங்கி ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கி இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. "கௌ" என்பதை ஔகாரக் குறி போட்டும் எழுதலாம், கெ-வுக்குப் பின் ள போட்டும் எழுதிவிடுகிறார்கள். யூனிகோட் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்குவது) செய்தால் சரியாகும் என்று நம்பினேன். ெ, ா தனித்தனியாக வந்தால் ொ-வாகச் சேர்க்கும், அது சரி. ஆனால் ஶ்ரீயை ஸ்ரீயாக்காது, ள போட்ட கௌவையும் தொடாது. அதற்கெல்லாம் நானே பட்டியல் எழுதினேன்.

அதைவிடக் கவலை தருவது தமிழ் எண்கள். ௧ பார்ப்பதற்கு க மாதிரி, ௭ எ மாதிரி, ௨ உ மாதிரி, ௮ அ மாதிரி. ஒரு சொல்லில் எழுத்துக்குப் பதில் எண்ணைச் செருகினால், படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, வடிகட்டி கோட்டைவிடும். ஆங்கிலத்தில் சிரிலிக் எழுத்தைக் கலந்து தளப் பெயரைப் போலியாக்குவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நம் எழுத்துக்கு நாம்தான் எழுத வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம் உதவியது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து போகும், தமிழில் 70 குறியீடுதான். "கொ" என்பது ஒரே எழுத்தாகத் தெரிந்தாலும் இரண்டு குறியீடு. அதனால் மோசடிச் செய்திகள் துண்டு துண்டாக வரும். சேர்த்துப் பார்த்தால்தான் சொற்கள் அகப்படும்.

#13 நாகமலை_ரவுட்டர்

அக்கா, என் லாக் தேடலிலும் இதே ஓட்டை இருந்திருக்கும், இதுவரை யோசிக்கவே இல்லை. அந்த எழுத்துப் பட்டியலை வெளியிடுவீர்களா? பெரியம்மா விஷயத்தில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்தீர்களா?

#14 சிம்மக்கல்_நிரலி

மறுநாள் மாலைதான் எங்களிடமே சொன்னார். வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்திருக்கிறார். அதற்குள் பணம் கைமாறிவிட்டது. உடனே 1930-க்கு அழைத்திருந்தால் வங்கிக் கணக்கில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்தது. அவரைத் திட்டாதீர்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். திட்டினால் அடுத்த முறையும் யாரும் நேரத்துக்குச் சொல்லமாட்டார்கள். பட்டியலை இந்த மாதக் கடைசிக்குள் பொதுவில் வைக்கிறேன்.

#15 வைகைத்தென்கரை

ஹனிபாட் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். வீட்டில் வைக்கவில்லையே? அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், படிக்கிற பையன்கள் வீட்டு இணைப்பில் ஏற்றிவிடப் போகிறார்கள்.

#16 நாகமலை_ரவுட்டர்

வீட்டில் இல்லை, வைக்கவும் கூடாது. தனி வாடகைச் சர்வர், அதில் வேறு எதுவும் இல்லை, என் மற்ற எதோடும் அதற்குத் தொடர்பு இல்லை. நான் உள்ளே போகும் எஸ்எஸ்எச் வேறு போர்ட்டில், சாவி மட்டும், பாஸ்வேர்ட் கிடையாது. 22-இல் வருவதெல்லாம் 2222-இல் இருக்கும் கவ்ரி என்ற ஹனிபாட் மென்பொருளுக்குப் போய்விடும்.

கவ்ரி என்றால் நம் சோழி. சோழியும் ஆங்கிலத்தில் ஷெல், லினக்ஸில் கட்டளை தட்டும் இடமும் ஷெல் என்பதால் அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். பைத்தானில் எழுதியது, கிப்போ என்ற பழையதிலிருந்து வளர்ந்தது. உள்ளே வருபவனுக்கு ஒரு பழைய டெபியன் கணினி மாதிரி தோன்றும். கோப்புகள் இருக்கும், கட்டளைக்குப் பதில் வரும், ஆனால் எதுவும் உண்மையில் ஓடாது. அவன் தட்டியதெல்லாம் நேரத்தோடு பதிவாகும். பிறகு அதே வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

முதல் நாள் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆட்கள் என்பது தவறு, பெரும்பாலும் இயந்திரம். வந்ததும் செயலி என்ன, எத்தனை கோர் என்று கேட்கும். அப்புறம் தற்காலிகக் கோப்புறைக்குப் போய் எங்கிருந்தோ ஒரு கோப்பை இறக்கும், ஓட்டும் அனுமதி கொடுக்கும், ஓட்டும், அழிக்கும். எல்லாம் சில நொடிகளில். ஒரு ராத்திரி மட்டும் ஒரு மனிதர் வந்தார். எழுத்துப் பிழை விட்டார், திருத்தினார், இடையில் நிறுத்தி யோசித்தார். அதை நான் நான்கைந்து முறை ஓடவிட்டுப் பார்த்தேன். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் உட்கார்ந்து என் பொய்க் கணினியில் கோப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர்கள் முயன்ற பாஸ்வேர்டுகளை எண்ணி அடுக்கி வைத்தேன். மேலே நிற்பது எப்போதும் அட்மின், ரூட், 123456 வகையறாதான். மிராய்ப் பட்டியலில் இருந்த டிவிஆர் பாஸ்வேர்டுகள் இத்தனை வருடம் கழித்தும் தினமும் வருகின்றன. அந்த அடுக்கை அச்செடுத்து மாமாவிடம் காட்டினேன். அவர் கடையில் முன்பு இருந்தது மூன்றாவது இடத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவரே பக்கத்துக் கடைக்காரர்களிடம் போய் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லத் தொடங்கினார். நான் வாயால் சொன்னபோது அவருக்கு அவ்வளவு உறைக்கவில்லை.

#17 ஒத்தக்கடை_மாணவன்

அண்ணே, என் கேள்வி மேலே நிற்கிறது. கூடவே ஒன்று: காலேஜ் வைஃபையில் என்மேப் (திறந்த போர்ட்களைத் தேடும் கருவி) ஓட்டிப் பார்க்கலாமா? யாருடைய கணினி திறந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால் நல்லதுதானே?

#18 வைகைத்தென்கரை

தம்பி, ஓட்டாதே. நல்ல எண்ணம் என்பது எனக்குப் புரிகிறது, லாக்கைப் பார்ப்பவருக்குப் புரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதைப் பற்றியவை. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்கேன் செய்வது மட்டும் நுழைவதாகுமா என்று நீ வாதாட வேண்டிய நிலையே வரக்கூடாது. எழுத்தில் அனுமதி இருந்தால் மட்டும் செய். வாய்வார்த்தை அனுமதி போதாது. சோதனைக்கென்றே என்மேப் திட்டத்தினர் ஸ்கேன்-மீ என்று ஒரு சர்வரை வைத்திருக்கிறார்கள், அதில் அளவோடு பழகலாம். லேப்டாப்பிலேயே விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு இரண்டு மெய்நிகர் கணினிகளை உண்டாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றை எவ்வளவு வேண்டுமானாலும் தட்டு.

#19 நாகமலை_ரவுட்டர்

தென்கரை அண்ணன் சொன்னதை அப்படியே கேள். தாமதத்துக்கு மன்னித்துக்கொள் தம்பி.

தொடங்குவதற்குப் பை வேண்டாம். லேப்டாப்பில் வயர்ஷார்க்கைப் போடு. 1998-இல் ஈதரியல் என்ற பெயரில் வந்தது, இன்றும் இலவசம். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, பதிவைத் தொடங்கி, திரும்ப வைஃபையில் சேர். 67, 68 போர்ட்களில் நான்கு பொட்டலம் தெரியும்: டிஸ்கவர், ஆஃபர், ரெக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் (லேப்டாப் பழைய முகவரியையே திரும்பக் கேட்டால் கடைசி இரண்டு மட்டும் வரலாம்). உன் லேப்டாப் முகவரி கேட்டு வாங்கும் பேச்சு அது. ஒவ்வொரு பொட்டலத்தையும் திறந்து, ஒவ்வொரு புலமும் என்ன என்று எழுதிவை. ஒரு வாரம் அதை மட்டும் செய். அடுத்து, வீட்டில் எத்தனை கருவி இருக்கிறது என்று ரவுட்டரின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுது. புத்தகம் வேண்டுமென்றால் நத்தம் ரோட்டுக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் உனக்குப் பக்கம்தான்.

#20 ஒத்தக்கடை_மாணவன்

அண்ணே, ஒரு வாரம் ஆகிவிட்டது. நான்கு பொட்டலத்தையும் பார்த்தேன். ஆஃபரில் டிஎன்எஸ் முகவரியும் வருகிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. நோட்டில் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். வீட்டில் கருவி ஆறுதான். ரவுட்டர் ஏழு காட்டுகிறது. ஏழாவதற்குப் பெயர் இல்லை. மேக் முகவரியின் (கருவியின் வைஃபை அடையாள எண்) முதல் பாதியைத் தேடினால் எந்தக் கம்பெனி என்றும் வரவில்லை. யாராவது நம் வைஃபையில் புகுந்துவிட்டார்களா?

#21 நாகமலை_ரவுட்டர்

நல்ல கேள்வி. பயப்படுவதற்கு முன்னால் அந்த மேக் முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பார். 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அது கம்பெனி கொடுத்த முகவரி இல்லை. கருவி தானாகப் போட்டுக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் இப்படி ஒரு தற்காலிக முகவரியைக் காட்டுகின்றன, யாரும் பின்தொடரக்கூடாது என்பதற்காக. அப்படி இருந்தால், வீட்டில் இருக்கும் போன்களை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து எடுத்துப் பார். எது எடுத்தால் ஏழாவது மறைகிறது என்று கவனி. எதை எடுத்தும் மறையவில்லை என்றால் உடனே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இங்கே எழுது.

#22 ஒத்தக்கடை_மாணவன்

இரண்டாவது எழுத்து ஈ. தங்கச்சியின் போன்தான் அண்ணே. முன்பு சேர்ந்திருந்தபோது ஒரு முகவரி, போன வாரம் வைஃபையை மறக்கச் சொல்லித் திரும்பச் சேர்ந்ததும் இன்னொன்று போட்டிருக்கிறது. பழையதைத்தான் நான் அவள் போன் என்று எழுதி வைத்திருந்தேன். நோட்டில் திருத்திவிட்டேன், தேதியும் போட்டுவிட்டேன். அடுத்து டிஎன்எஸ் பொட்டலத்தைத் திறக்கிறேன்.